புகுந்த வீட்டுக்கு வந்த முயல்

அம்மா திருக்கோவிலூர் வீட்டைக் காலி செய்துவிட்டு அண்ணனோடு சென்னைக்குப் போனபோது, என் முயல் என்னிடம் வந்து சேர்ந்தது. கல்யாணத்துக்கு முன்பு நான் வளர்த்த பெண் முயல். கூடையில் வைத்து மேலே துண்டைக் கட்டி, பஸ்ஸில் மடியிலேயே வைத்துக்கொண்டு கள்ளக்குறிச்சிக்கு வந்தேன். பக்கத்து சீட்டு அம்மா எட்டிப் பார்த்து, "எத்தினி கிலோ வரும்?" என்றார்.

"கறிக்கு இல்லீங்க, வளக்கறதுக்கு."

"அதான் கேக்கறேன், வளந்தா எத்தினி கிலோ வரும்?"

நான் ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டேன்.

வீட்டில் ஏற்கெனவே ஓர் ஆண் முயல் இருந்தது. வாங்கியது என் கணவர், வளர்த்தது என் மாமியார். அத்தை என்றுதான் அவரைக் கூப்பிடுவேன். முயல் அவர் காலையே சுற்றிச்சுற்றி வரும். பார்த்த சாமானில் எல்லாம் தாடையைத் தேய்த்து, 'இது என்னுது' என்று முத்திரை போட்டு வைத்திருக்கும். அதற்குக் குடும்பக் கட்டுப்பாடு செய்தாகிவிட்டதால் குட்டி பற்றிய பயம் இல்லை. இரண்டும் ஒத்துப்போக வேண்டும், அவ்வளவுதான். அத்தை கெடு வைத்தார்.

"ஒரு மாசம் பாப்போம். ஒத்துவரலன்னா யாருக்காவது குடுத்துடு. ரெண்டு கூண்ட வெச்சிக்கினு என்னால மாரடிக்க முடியாது."

யாருக்காவது என்றால் யாருக்கு? கிலோ கேட்ட அம்மாவுக்கா?

முதல் நாளே தப்புச் செய்தோம். எந்தக் கூண்டில் விடுவது என்று பேச்சு வந்தது. "பொண்ணுதான் பையன் வூட்டுக்குப் போவணும், அதான மொற" என்றார் அத்தை. எனக்கும் சரியென்றுதான் பட்டது. என் கணவர் வேறு, "ஆரத்தி எடுக்கலியா?" என்று கிண்டல். என் முயலைத் தூக்கி ஆண் முயலின் கூண்டுக்குள் விட்டேன். ஐந்து நொடிகூட ஆகியிருக்காது, கூண்டு முழுக்க மயிர் பறந்தது. கையை விட்டு இழுத்ததில் என் விரலில் கடி, என் முயலின் காதில் கிழிசல்.

"பாவி முயலே, நல்லா இருப்பியா நீ!" என்று கத்தினேன்.

அத்தைக்குக் கோபம் வந்துவிட்டது. "அத ஏண்டி திட்டற? அது வூட்ல அது இருந்துச்சி. உன்னுதுதான் உள்ள பூந்துச்சி."

"நானாவாங்க அத்த உள்ள வந்தேன்? நீங்கதான கூட்டினு வந்தீங்க!"

முயலைச் சொன்னேனா என்னைச் சொன்னேனா என்று எனக்கே தெரியவில்லை.

கால்நடை டாக்டர் காதுக்கு மருந்து போட்டுவிட்டு, "ரெண்டுக்குமே சொந்தமில்லாத எடத்துல வெச்சிப் பழக்குங்க" என்றார். வந்து தேடினால் அப்படி ஓர் இடமே இல்லை. ஹால், மாடி, பின்வாசல் எல்லாமே ஆண் முயலின் ராஜ்ஜியம். மிச்சம் அத்தையின் ரூம் மட்டும்தான். புடவையைக் கடித்துவிடும் என்று அந்தக் கதவு எப்போதும் சாத்தியே இருக்கும். நான் கேட்கவில்லை. கேட்டாலும் கிடைக்காது என்று நினைத்தேன்.

இரண்டு நாள் கழித்து அவரே கட்டிலுக்கு அடியில் இருந்த பெட்டிகளை வெளியே இழுத்துப் போட்டார். "இங்க வுட்டுப் பாரு. புடவையில வாய வெச்சிச்சின்னா ரெண்டையும் தொரத்திடுவேன்."

தினமும் சாயங்காலம் அரை மணி நேரம். கதவில் சாய்ந்துகொண்டு நானும் அத்தையும் தரையில் உட்கார்ந்திருப்போம். சண்டை வந்தால் நடுவில் போட ஆளுக்கொரு துண்டு. முதல் வாரம் முழுக்கத் துரத்தல்தான். அப்புறம் ஒரே தட்டில் கொத்தமல்லித் தழை வைத்தோம். ஆளுக்கொரு முனையில் நின்று, ஒன்றையொன்று முறைத்துக்கொண்டே தின்றன.

நான்காவது வாரம் என் முயல் மெதுவாகப் போய், ஆண் முயலின் முன்னால் தலையைத் தாழ்த்திப் படுத்தது. நக்கிவிடு என்று கேட்பதாம் அது. ஆண் முயல் முதலில் அதை மோந்து பார்த்தது. பிறகு அதன் நெற்றியை நக்க ஆரம்பித்தது.

"பாரு, பாரு, பாரு!" என்று அத்தை என் தொடையில் அறைந்தார். எனக்கு அழுகை வந்துவிட்டது.

"இது எங்கியும் போவாதுல்ல அத்த?"

"எங்க போவும்? இங்கியேதான் கெடக்கும். மூக்கத் தொடச்சிக்கோ."

ஆண் முயலின் கூண்டிலேயே இரண்டையும் விடுவதற்கு முன்னால் அந்தக் கூண்டைக் கழுவி, உள்ளே இருப்பதையெல்லாம் இடம் மாற்றி வைக்கச் சொல்லியிருந்தார் டாக்டர். ஞாயிற்றுக்கிழமை பின்வாசலில் போட்டுத் தேய்த்தோம். தண்ணிக் கிண்ணத்தை எதிர் மூலைக்கு மாற்றிக்கொண்டே, "கழுவனா போதாதா, இதெல்லாம் ஏன் மாத்தணும்?" என்று கேட்டார் அத்தை.

"பழைய மாரியே இருந்தா இது என் வூடுன்னே அது நெனச்சிக்கினு இருக்கும். வந்தது எத்தினி நாளானாலும் வந்ததாவேதான் இருக்கும்."

அத்தை கிண்ணத்தைக் கீழே வைத்துவிட்டு என்னைப் பார்த்தார்.

மறுநாள் காலையில் சமையற்கட்டுக்குப் போனேன். அலமாரியில் இருந்த டப்பாக்கள் எல்லாம் தரையில் இருந்தன. அத்தை காலியான அலமாரித் தட்டுகளைத் துடைத்துக்கொண்டிருந்தார். திரும்பாமலே கேட்டார்.

"உப்பு உனுக்கு எங்க இருந்தா வசதி?"

கல்யாணமாகி இரண்டு வருஷத்தில் அந்த வீட்டில் என்னிடம் யாரும் அப்படி ஒரு கேள்வி கேட்டதில்லை. அடுப்புக்கு வலது பக்கம் என்று கையைக் காட்டினேன்.