பஸ்ஸில் அழுதது யார்

எனக்கு எழுபத்து நான்கு வயது. நான்கு பேரைப் பெற்று வளர்த்தேன், ஒருவரும் சோடை போகவில்லை. எழுத்துக் கூட்டி பஸ் போர்டு படிப்பேன், அவ்வளவுதான். அதனால் இதை நான் சொல்லச் சொல்ல, மகள் வயிற்றுப் பேத்தி போனில் எழுதுகிறாள்.

அவளுக்குக் காலேஜில் ஓர் இங்கிலீஷ் நாவல் பாடம். சாயங்காலம் நான் கம்பெனிப் பனியனுக்கு நூல் பிசிறு வெட்டிக்கொண்டிருப்பேன். அவள் பக்கத்தில் உட்கார்ந்து படித்துப் படித்துத் தமிழில் சொல்வாள். வீட்டுக்கு வந்த விருந்தாளி ஒருவன் காணாமல் போகிறான். ஓர் அத்தியாயம் புருஷன் சொல்கிறான், அடுத்தது பெண்டாட்டி சொல்கிறாள். ஒன்றுக்கொன்று ஒட்டவே ஒட்டாது. யார் சொல்வது நிஜம் என்று கேட்டேன்.

"ரெண்டு பேருமே முழுசா நெசம் சொல்லலீங்க அம்மாயி. அதான் கதையே."

"பொய்யின்னு தெரிஞ்சும் எதுக்குக் கண்ணு அச்சடிச்சாங்க?"

கேட்டேனே தவிர, மறுநாள் அவள் வருவதற்கு முன்பே கத்தரிக்கோலோடு உட்கார்ந்துவிட்டேன். எங்கள் வீட்டிலும் இப்படி ஒரு கதை ஓடியது. கல்யாணமான வருஷம் கிணறு வற்றிப்போய், குண்டடத்திலிருந்து ஒரு டிரங்குப் பெட்டியோடு திருப்பூருக்குப் பஸ் ஏறினோம். விருந்தாளி யார் வந்தாலும் என் வீட்டுக்காரர் அதை ஆரம்பித்துவிடுவார். குண்டடத்தில் தொடங்கிய அழுகையை இவள் பல்லடம் வந்துதான் நிறுத்தினாள், கண்டக்டரே மனசு கேட்காமல் இறங்கிப் போய் சோடா வாங்கிக் கொடுத்தார் என்பார். நான் அடுப்படியிலிருந்தே குரல் கொடுப்பேன்.

"அழுதது ஆருன்னு அந்தப் பெட்டியக் கேளுங்க, அது சொல்லும்."

என் கண்ணில் விழுந்தது புழுதி. அவர்தான் பூட்டைச் சரிபார்ப்பதுபோலப் பெட்டிமேல் குனிந்தவர், வழியெல்லாம் தலை நிமிரவில்லை. சோடாவும் கிடையாது, ஒன்றும் கிடையாது. வந்தவர்கள் சிரிக்கிற சிரிப்பில் காப்பி ஆறிப்போகும்.

நாவலில் பாதிக்கு மேல் போனதும் புருஷன் பேச்சே வரவில்லை. அடுத்த அத்தியாயமும் அவள், அதற்கடுத்ததும் அவள். அவன் எங்கே என்றேன். செத்துப்போய்விட்டான், இனிமேல் கடைசிவரை அவள் மட்டும்தான் என்றாள் பேத்தி. இன்றைக்குப் போதும், மூடி வை என்று சொல்லிவிட்டேன்.

அவர் போய் நான்கு வருஷமாகிறது. போன பொங்கலுக்கு வந்த சொந்தக்காரர்களிடம் பஸ் கதையை நான்தான் சொன்னேன். அவர்தான் அழுதார் என்றேன். எல்லோரும் அப்படியே தலையாட்டினார்கள். பேரப்பிள்ளைகளில் சின்னதுகளுக்கு அவர் சொன்ன கதை ஒன்று இருந்ததே தெரியாது. நான் சொல்வதுதான் நிஜம், அதில் மாற்றமில்லை. ஆனாலும் அந்தத் தலையாட்டல் எனக்குப் பிடிக்கவில்லை. வாசல்பக்கத்து நாற்காலியிலிருந்து, "இவ சொல்றத நம்பாதீங்க" என்று ஒரு குரல் வந்திருக்க வேண்டும்.

அதற்காகத்தான் இதை எழுதச் சொன்னேன். கண்ணு, மொதல்ல இருந்து ஒருக்காப் படி. உங்கப்புச்சி சொன்ன பஸ் கதையச் சத்தமாப் படி. அந்தச் சோடாவ உட்டுட்டயான்னு பாரு.