நவநீதனின் தோல்

ஆம்பூரில் தோல் பதனிடும் அந்த ஷாப்பில் எல்லோருக்கும் நவநீதனின் கைமீது அபார நம்பிக்கை. டிரம்மிலிருந்து ஈரத்தோலை இழுத்துப்போட்டு, கழுத்துப் பக்கம் ஒரு துண்டு நறுக்கி, வெட்டிய இடத்தைத் தடவியே, தோலைப் பதப்படுத்தும் குரோம் உப்பு உள்வரை ஏறிவிட்டதா என்று சொல்லிவிடுவான். சந்தேகம் வந்தால் துண்டைக் கொதிக்கிற தண்ணீரில் போடுவான். சுருங்கினால் குரோம் பிடிக்கவில்லை, சுருங்காவிட்டால் பாஸ். கையுறை மாட்டினால் விரலுக்கு ஒன்றும் தெரியாது என்பான். வேலைக்கு வந்த பதினெட்டு வருஷமும் வெறுங்கைதான், அதில் பெருமை வேறு!

போன ஆடியில் விரலிடுக்கில் அரிப்பு எடுத்தது. தேங்காயெண்ணெய் தடவிச் சமாளித்தான். கை வெடித்து நீர் வடிந்த பிறகுதான் மனைவி மேகலா அவனை வேலூருக்கு இழுத்துக்கொண்டு போனாள். தோல் டாக்டர் ஹஃப்ஸா, எது ஒத்துக்கொள்ளவில்லை என்று பார்க்க அவன் முதுகில் மருந்துப் பட்டைகள் ஒட்டி, இரண்டு நாள் கழித்துப் பிரித்துப் பார்த்தார். ஒரே ஓரிடம் சிவந்து கொப்பளித்திருந்தது.

“குரோமியம். உங்க தோல்ல இருக்கிற புரோட்டீனோட ஒட்டிக்குது. உடம்பு அதை வெளியாள்னு நெனச்சு சண்டை போடுது.”

“நல்லா கழுவினா போய்டாதா மேடம்?”

“மாட்டுத்தோல்ல ஏறினது கழுவினா போகுதா?”

மாட்டுத்தோலிலும் குரோம் பிடிப்பது புரோட்டீனைத்தான். ஊருக்கெல்லாம் சொல்லத் தெரிந்தவனுக்குத் தன் தோலும் தோல்தான் என்பது உறைக்கவே இல்லை.

“அது போனாலும் உடம்போட ஞாபகம் போகாது. கொஞ்சம் பட்டாலும் ஆரம்பிச்சிடும். அந்த வேலை இனி வேணாம்,” என்றார் டாக்டர்.

ஷாப்பை விட்டான். மச்சான் கோபியோடு கட்டட வேலைக்குப் போய்ச் சிமெண்ட் கலக்கினான். ஒரே வாரத்தில் கை பழையபடி பிளந்தது. சிமெண்டிலும் குரோமியம் உண்டென்று பாவம், அவனுக்கு யார் சொன்னார்கள்? சோறு பிசையக்கூட முடியாமல் வீட்டோடு உட்கார்ந்துவிட்டான். வயிறு சும்மா இருக்குமா? ஷாப் சூப்பர்வைசர் சமீருல்லா மனசு இரங்கி, மேகலாவுக்கு, குரோம் ஏறி நீலமான ஈரத்தோலை அடுக்கும் வேலை போட்டுக்கொடுத்தார்.

நாலு மாதம் கழித்து மறுபடி வேலூர். டாக்டர் அவன் கையைத் திருப்பித் திருப்பிப் பார்த்தார். நன்றாக ஆறியிருந்தது. அவனுக்கு உயிர் வந்தது.

டாக்டரின் கண் மேகலாவின் மேல் போனது. அவள் முந்தானைக்குள் கையை வைத்திருந்தாள்.

“கையைக் காட்டுங்கம்மா.”

அவள் நவநீதனைப் பார்த்தாள். பிறகு மெதுவாக நீட்டினாள். விரலிடுக்கெல்லாம் சிவந்து கிடந்தது.

“எத்தனை நாளா?”

“ஒரு மாசமா மேடம். இவருகிட்ட சொன்னா வேலைய வுட்டுடுன்னு சொல்லுவாரு.”