ஒன்பது தோட்டாவும் தையல் மெஷின் எண்ணெயும்

எனக்குத் துப்பாக்கியைப் பற்றி ஒன்றும் தெரியாது. அதை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். தெரியாத காரியத்தில் எல்லாம் தெரிந்தவள் மாதிரி நடந்துகொண்டேன். நடந்தது அவ்வளவுதான்.

எழுபதுகளின் நடுப்பகுதி. சிட்னியில், கிரவீனில் இரண்டு அறை வாடகை வீட்டில் இருந்தோம். என் கணவர் யாழ்ப்பாணத்தில் எஞ்சினியர். இங்கே அவருடைய சான்றிதழை ஒருவரும் திரும்பிப் பார்க்கவில்லை. விண்ணப்பம் எழுதுவதும் தபால்காரனை எதிர்பார்ப்பதும்தான் அவருக்கு வேலை. வீடு ஓடியது என் சம்பளத்தில். மெரிலேண்ட்ஸில் ஒரு மெத்தைத் தொழிற்சாலையில் நான் சம்பளக் கிளார்க். அந்த வேலையை எடுத்துத் தந்தவர் அண்ணை.

அண்ணை என்றால் கூடப் பிறந்தவர் அல்ல. இலங்கையில் ஸ்டேஷன் மாஸ்டராக இருந்தவர், இங்கே அதே தொழிற்சாலையில் டிரைவர். வயது ஐம்பத்திரண்டு. அவருடைய மனைவியை நான் அக்கா என்பேன். தொழிற்சாலை முழுவதிலும் தமிழர் நாங்கள் இரண்டு பேர்தான். "இவள் என் தங்கச்சி மாதிரி, பொறுப்பானவள்" என்று மனேஜரிடம் எனக்காக வாக்குக் கொடுத்தவர் அவர். பொறுப்பு என்ற அந்தச் சொல் எனக்குத் தலைக்கேறியிருந்தது என்றுதான் இப்போது நினைக்கிறேன்.

அந்தக் காலத்தில் சம்பளத்தை உறையில் போட்டுக் காசாகவே கொடுப்பார்கள். வியாழக்கிழமை காலை அண்ணை காரை ஓட்டுவார். நான் பின் இருக்கையில் பையை மடியில் வைத்துக்கொண்டு உட்கார்ந்திருப்பேன். இருவருமாகப் பாங்குக்குப் போய்வருவோம். அண்ணையின் கோட்டுப் பைக்குள் கம்பனி கொடுத்த கைத்துப்பாக்கி இருக்கும். பெல்ஜியத்தில் செய்தது; உள்ளங்கைக்குள் அடங்கிவிடும். முதல்தடவை பார்த்தபோது சிகரெட் லைட்டர் என்றுதான் நினைத்தேன். திரும்பி வந்ததும் அண்ணை அதைத் துடைத்து, தன்னுடைய சின்னக் குப்பியிலிருந்து எண்ணெய் விட்டு, குப்பியையும் துப்பாக்கியையும் என் மேசைக்குப் பின்னாலிருந்த இரும்புப் பெட்டிக்குள் வைப்பார். பெட்டியை நான் பூட்டுவேன். லைசென்ஸ் அவர் பெயரில், சாவி என்னிடம்.

மாதத்தில் ஒரு சனிக்கிழமை சுடும் மைதானத்துக்குப் போய் மூன்று தோட்டாவாவது சுட்டுப் பார்த்து, கொப்பியில் கையெழுத்து வைக்க வேண்டும் என்பது கம்பனி விதி. அதற்குத் தோட்டா வாங்கி வைப்பது என் பொறுப்பு. பரமட்டாவில் ஒரு துப்பாக்கிக் கடையில் வாங்குவேன். சேலை கட்டிய பெண் வந்து தோட்டா கேட்பதைப் பார்த்து முதலில் திகைத்த கடைக்காரர், பிறகு பழகிவிட்டார்.

அந்த வருடம் தோட்டா வருவது நின்றுபோனது. முயல் சுடுகிறவனுக்கும் கங்காரு சுடுகிறவனுக்கும் கூரை முட்டப் பெட்டிகள் அடுக்கியிருந்தன. எங்களுடைய குட்டித் துப்பாக்கிக்கு மட்டும் இல்லை. அந்த அளவை இந்த நாட்டில் செய்வதில்லை, கப்பலில் வரவேண்டும், வாங்குகிறவர்கள் குறைவென்பதால் இறக்குமதிக்காரர்கள் எப்போதாவதுதான் சொல்லி அனுப்புவார்கள், சொல்லி அனுப்பியதும் துறைமுக வேலைநிறுத்தத்தில் மாட்டிக்கொண்டது என்றார் கடைக்காரர். கொஞ்சம் பெரிய அளவுத் தோட்டா இருக்கிறதே, அதைப் போட முடியாதா என்று கேட்டேன். இந்தக் கேள்வியை வேறெங்கும் போய்க் கேட்காதே என்றார். மெல்பர்னில் ஒரு கடைக்குப் போன் போட்டேன். அங்கே இருந்தவர் சிரித்துவிட்டு, தானே சிட்னிக்குப் போன் போட்டுக் கேட்கலாம் என்றல்லவா இருந்தேன் என்றார்.

கையில் மிஞ்சியது ஒன்பது. ஆறு துப்பாக்கிக்குள் போகிற கூட்டில், மூன்று அதே இரும்புப் பெட்டிக்குள் ஒரு பழைய இருமல் மிட்டாய் டின்னில்.

சனிக்கிழமைக்கு முதல்நாள் அண்ணை வந்து நின்றார்.

"மூண்டெண்டாலும் சுட்டுப் பாப்பம், பிள்ளை. துவக்கு வெடிக்குதோ எண்டு தெரிய வேணுமெல்லே."

"போன மாசம் வெடிச்சதுதானே அண்ணை. இருக்கிறதே ஒன்பது. அதிலை மூண்டை மண் மேட்டிலை அடிச்சுப்போட்டு வந்து என்ன செய்யப் போறியள்?"

"கொப்பியிலை கையெழுத்து வைக்க வேணுமே."

"தோட்டா கிடைக்கேல்லை எண்டு நான் எழுதிவிடுறன். நீங்கள் வீட்டை போய் அக்காவுக்குச் சமைக்க உதவி செய்யுங்கோ."

அண்ணை சிரித்தார். "நீ ஸ்டேஷனிலை இருந்திருந்தா கரி மிச்சம் பிடிக்கிறதுக்காக ஒரு ரெயிலையும் வெளிக்கிட விட்டிருக்க மாட்டாய்."

அவர் ஒருநாளும் என்னிடம் சண்டை பிடித்ததில்லை. அடுத்த மாதமும் கேட்டார், மறுத்தேன். அதற்கடுத்த மாதம் கேட்கவே இல்லை. எனக்கு அதில் பெருமையாகவும் இருந்தது. பொருளை வீணாக்க விடாமல் காப்பாற்றிவிட்டேனாம்.

குளிர்காலம் வந்தது. மழை விடாமல் பெய்தது. என் மேசைக்குப் பின்னாலிருந்த சுவர் ஈரம் குடித்து ஊதியிருந்தது. ஒரு புதன்கிழமை டின்னைத் திறந்து பார்த்தால் ஒரு தோட்டாவின் பித்தளையில் பச்சையாகக் களிம்பு. உப்புக்காற்று அடிக்கிற வீட்டில் வளர்ந்தவள் நான். பாக்குவெட்டி, பூட்டு, கத்தரிக்கோல் என்று எங்கள் வீட்டில் எண்ணெய் பூசாத உலோகமே கிடையாது. எதில் கறை கண்டாலும் என் கை எண்ணெயைத் தேடும். மறுநாளே வீட்டிலிருந்து தையல் மெஷின் எண்ணெய் கொண்டுபோனேன்.

அதன்பிறகு ஒவ்வொரு புதன்கிழமையும், மதியச் சாப்பாட்டு நேரத்தில், கந்தோர் அறையில் ஆளில்லாதபோது, ஒன்பது தோட்டாவையும் மேசையில் எடுத்து வைத்து எண்ணெய் தேய்ப்பேன். தோட்டாவின் அடியில், நடுவில், சின்னதாக ஒரு வட்டப் பொட்டு இருக்கும். அதைச் சுற்றியிருந்த இடுக்கில் ஈரம் இறங்கிவிடக் கூடாதே என்று அங்கே மட்டும் ஒரு துளி கூடுதலாக விட்டு ஊற வைப்பேன். பிறகு பிளனல் துணியால் துடைத்து, இருந்தபடியே வைத்துவிடுவேன். அண்ணையிடம் சொல்லவில்லை. மறைக்க வேண்டும் என்று அல்ல. கத்தரிக்கோலுக்கு எண்ணெய் போட்டதை யாராவது ஊருக்குச் சொல்லிக்கொண்டு திரிவார்களா?

அந்த வியாழக்கிழமை பாங்கிலிருந்து திரும்பித் தொழிற்சாலையின் பின் கேற்றடியில் கார் நின்றது. அண்ணை கேற்றைத் திறக்க இறங்கினார். முகத்தில் பெண்களின் நைலோன் காலுறையை இழுத்துவிட்ட இரண்டு பேர் எங்கிருந்து வந்தார்கள் என்று நான் பார்க்கவில்லை. ஒருவன் கையில் குழாயை வெட்டிக் குட்டையாக்கிய துப்பாக்கி. மற்றவன் பின் கதவைத் திறந்து பையை இழுத்தான். பையின் வாரை நான் கையில் இரண்டு சுற்றுச் சுற்றி வைத்திருந்தேன். அது என் பழக்கம். பை வராததால் அவன் என் கொண்டையைப் பிடித்து வெளியே இழுத்தான். நான் கத்தினேன்.

பையைக் கேட்டால் கொடுத்துவிடுங்கள் என்றுதான் மனேஜர் எங்களுக்குச் சொல்லியிருந்தார். அண்ணையும் கொடுத்திருப்பார். ஆனால் என் தலைமயிர் அவன் கையில் இருந்தது. அண்ணை கோட்டுப் பைக்குள் கையை விட்டார்.

டிக் என்று ஒரு சத்தம். அவ்வளவுதான். அண்ணை துப்பாக்கியின் மேல்பாகத்தைப் பின்னால் இழுத்து அந்தத் தோட்டாவைக் கழித்துவிட்டு மறுபடியும் விசையை அமுக்கினார். டிக். என் தலைமயிரைப் பிடித்திருந்தவன் சிரித்தான். மற்றவன் தன் துப்பாக்கியைத் திருப்பிப் பிடித்து, அதன் அடிக்கட்டையால் அண்ணையின் முகத்தில் அடித்தான். விழுந்த பிறகும் இரண்டு தடவை அடித்தான். பை போய்விட்டது. அண்ணையின் வலது கண்ணும் போய்விட்டது.

வெடிக்காமல் போனதே நல்லது, வெடித்திருந்தால் உங்கள் இரண்டு பேரையும் அங்கேயே முடித்திருப்பார்கள் என்று என் கணவர் சொன்னார். சரியாகவும் இருக்கலாம். ஆனால் அந்தச் சிரிப்பை அவர் கேட்கவில்லை.

திங்கட்கிழமை பரமட்டாக் கடைக்காரர் போன் எடுத்தார். தோட்டா வந்துவிட்டதாம், ஐம்பது உள்ள பெட்டி. கம்பனிக்காகச் சொல்லி வைத்த பொருள், போய் வாங்கினேன். வெளிக்கிடும்போது, எல்லாம் தெரிந்தவள் மாதிரி, தோட்டாவுக்குப் பூச எந்த எண்ணெய் நல்லது என்று கேட்டேன்.

கடைக்காரர் என்னைப் பார்த்தார். எந்த எண்ணெயும் கூடாது என்றார். அடியிலிருக்கிற பொட்டுக்குள்தான் நெருப்புப் பிடிக்கிற மருந்து இருக்கிறது, எண்ணெய் இறங்கினால் அது செத்துப்போகும், தோட்டா வெளியே பளபளவென்று இருக்கும், வெடிக்காது. யாராவது பூசினார்களா என்று கேட்டார்.

இல்லை, சும்மா கேட்டேன் என்றேன்.

தோட்டாப் பெட்டியை மடியில் வைத்துக்கொண்டு ரெயிலில் வந்தேன். இறங்க வேண்டிய ஸ்டேஷனைத் தாண்டிப் போய்விட்டேன்.

அண்ணை மூன்று வாரம் ஆஸ்பத்திரியில் இருந்தார். நான் ஒருநாள் விட்டு ஒருநாள் போனேன். "அண்ணை, எண்ணெய் போட்டது நான்." இவ்வளவுதான் சொல்ல வேண்டும். படியேறும்போது வாய்க்குள் சொல்லிப் பார்ப்பேன். உள்ளே போனால் அக்கா பக்கத்தில் இருப்பார். அல்லது அண்ணை நித்திரையாக இருப்பார். இரண்டும் இல்லாத நாளும் ஒன்று வந்தது. அன்று அண்ணை, ஸ்டோரில் உட்கார்ந்து பார்க்கிற வேலை ஒன்று தருவதாக மனேஜர் வந்து சொல்லிப் போனதைச் சந்தோஷமாகச் சொன்னார். "ஒற்றைக் கண்ணோடை இந்த வயசிலை வேறை ஆர் எனக்கு வேலை தருவினம், பிள்ளை? கடவுள் கண்ணைத் திறந்திட்டார்." அந்தச் சந்தோஷத்தைக் கெடுக்கக் கூடாது என்று எனக்கு நானே சொல்லிக்கொண்டு எழும்பி வந்தேன். பச்சைப் பொய். எனக்குப் பயம்.

அவர் வீடு திரும்பிய பிறகு மனேஜர் எங்கள் இரண்டு பேரையும் அறைக்குக் கூப்பிட்டார். மேசையில், துப்பாக்கியையும் தோட்டாக்களையும் சோதிக்கக் கொண்டுபோன பொலிஸின் கடிதம் இருந்தது. ஒன்பது தோட்டாவும் எண்ணெயால் பழுதாகியிருக்கின்றன என்று அதில் எழுதியிருந்தது. மனேஜர் கெட்டவர் இல்லை. அவருக்கும் மேலிடம் இருந்தது. இது யாருடைய கவனக்குறைவு என்று எழுதி அனுப்ப வேண்டும் என்றார். அந்த ஆளைக் கம்பனியில் தொடர்ந்து வைத்திருக்க முடியாது, ஸ்டோரிலும் முடியாது என்றார். பிறகு, சுட்டுப் பார்த்துக் கையெழுத்து வைக்கிற கொப்பியைத் திறந்து, ஐந்து மாதமாக வெறுமையாக இருந்த கோடுகளைக் காட்டினார். நான் எழுதிவிடுகிறேன் என்று சொன்ன வரியைக்கூட நான் எழுதியிருக்கவில்லை.

என் வாய் திறந்தது என்று சத்தியம் செய்வேன். அதற்குள் அண்ணை பேசத் தொடங்கிவிட்டார். லைசென்ஸ் தன் பெயரில் என்றார். எண்ணெய் போடுவதும் தான்தான், தன் குப்பி அந்தப் பெட்டிக்குள்தான் இருந்தது, அது ஒழுகித்தான் இப்படி ஆகியிருக்கும் என்றார். என்னைக் காப்பாற்றுவதற்காக அப்படிச் சொன்னார் என்று நினைக்காதீர்கள். அவர் அதை உண்மையாகவே நம்பினார். மூன்று வாரம் கட்டிலில் படுத்து, தன் பிழை எங்கே என்று தேடித் தேடி, அதைக் கண்டுபிடித்து வைத்திருந்தார்.

நிச்சயமா என்று மனேஜர் கேட்டார்.

அண்ணை என் பக்கம் திரும்பினார். வலது பக்கம் கட்டுப் போட்டிருந்ததால் என்னைப் பார்க்க முழு முகத்தையும் திருப்ப வேண்டியிருந்தது. தமிழில் கேட்டார்.

"நீதானே பிள்ளை பெட்டி திறக்கிறனி. வடிவா யோசிச்சுச் சொல்லு. என்ரை குப்பி ஒழுகிக் கிடந்ததோ?"

வீட்டு வாடகை ஞாபகம் வந்தது. மேசையில் குனிந்து விண்ணப்பம் எழுதும் என் கணவரின் முதுகு ஞாபகம் வந்தது. அவற்றைக் காரணமாகச் சொல்லி நான் தப்பப் பார்க்கவில்லை. அவை இல்லாவிட்டாலும் நான் அதையேதான் சொல்லியிருப்பேன்.

"ஓம் அண்ணை," என்றேன். "ஒழுகித்தான் கிடந்தது."

அவரே அதை மனேஜருக்கு இங்கிலிஷில் சொன்னார். கையெழுத்து வைத்தார். தொப்பியை எடுத்துக்கொண்டு எழும்பினார். வெளியே நடையில் நான் சுவரைப் பிடித்துக்கொண்டு அழுதேன். அண்ணை பக்கத்தில் வந்து, என் தலையில் கை வைத்தார்.

"நீ ஏன் பிள்ளை அழுகிறாய்? அண்டைக்கு அவன் உன்ரை தலைமயிரைப் பிடிச்சு இழுக்கேக்கை என்னாலை ஒண்டும் செய்ய ஏலாமல் போச்சு. எல்லாம் என்ரை கவலையீனம். நீயெல்லே என்னை மன்னிக்க வேணும்."