நடுவில் இருந்த பெயர்

நானும் மரிசெலும் துபாயில் வேலை பார்த்தபோது திருமணம் செய்துகொண்டோம். அவள் ஊர் பிலிப்பைன்ஸ். சிங்கப்பெருமாள் கோயிலில் குடியேறிய பின் அவளுடைய பாஸ்போர்ட்டைப் புதுப்பிக்க வேண்டி வந்தது.

"எம்பேரு இப்ப கீற மாதிரியே இருக்கட்டும்" என்றாள். இங்கே வந்து கற்ற தமிழ். எனக்குத்தான் வீம்பு. பொண்டாட்டி பெயருக்குப் பின்னால் புருஷன் பெயர் வர வேண்டாமா? பெயர் மாற்றத்துக்காக, எங்கள் திருமணத்தை அவர்கள் தூதரகத்தில் பதிவு செய்யும் படிவத்தில் 'மரிசெல் குமார்' என்று எழுதி அனுப்பினேன். திரும்பி வந்துவிட்டது. என் பாஸ்போர்ட்டில் குடும்பப் பெயருக்கான இடத்தில், இனிஷியலை விரித்து, அப்பா பெயரான ஏழுமலையைப் போட்டிருந்தேன். அதைத்தான் அவளுக்கும் வைக்க முடியுமாம்.

"எங்கப்பா பேரு உனக்கா? இன்னா கூத்து இது!" என்று குதித்தேன். தூதரகத்துக்கு மெயில் மேல் மெயில் அனுப்பினேன். அதற்குள் பழைய பாஸ்போர்ட் காலாவதியானது. அந்த வாரமே அவள் அம்மா இறந்துபோனார். அடக்கத்தை அவள் போனில்தான் பார்த்தாள்.

பிறகு பழைய பெயரிலேயே விண்ணப்பித்தோம். சிக்கலில்லாமல் வந்தது. அவள் பெயருக்கு நடுவில் இருந்த சொல்லை விரலால் தொட்டு, "இது எங்கம்மா பொறந்த வூட்டுப் பேரு. உம்பேர கடைசில சேர்த்தா, எங்கப்பா வூட்டுப் பேரு நடுவுல வந்துடும், இது போயிடும்" என்றாள்.

"முன்னாடியே சொல்லக் கூடாதா?"

"நீ எங்க கேட்ட?"

இப்போதெல்லாம் பேங்க் படிவமானாலும், அவள் பெயருக்கான கட்டத்தை நான் நிரப்புவதில்லை. பேனாவை அவளிடம் கொடுத்துவிடுகிறேன்.