குளிரில் செத்துப்போன செம்பருத்தி

அந்தப் பூ முதன்முதலில் விரிந்த காலையில், அடுப்பில் தோசை கருகுவதைக் கூடக் கவனிக்காமல் அம்மா மொட்டை மாடிக்கு ஏறி வந்துவிட்டாள். சந்தன மஞ்சளில் இதழ்கள், நடுவில் குங்குமத்தைக் கொட்டியது போல ஒரு சிவப்பு, அதிலிருந்து ஓரம் வரை ஓடும் வெள்ளை நரம்புகள். புதுச்சேரியில் எந்த வீட்டு வேலியிலும் நான் பார்த்திராத செம்பருத்தி. நான் பள்ளியில் தாவரவியல் ஆசிரியை. எங்கள் வீட்டுச் சிவப்புச் செம்பருத்தியின் மகரந்தத்தை நர்சரியில் வாங்கிய மஞ்சள் செடியில் தடவித் தடவிப் பல வருடங்கள் தோற்றிருந்தேன். காய் பிடிக்கும், உதிரும். விதை முளைக்கும், வாடும். கடைசியில் ஒன்று பிழைத்துப் பூத்தது. அம்மா அதற்குப் பெயரெல்லாம் வைக்கவில்லை. ‘நம்ம பூ’ என்பாள். தினமும் ஒன்றைப் பறித்து மாதா சுரூபத்தின் காலடியில் வைப்பாள்.

அந்த வருடம் விடுமுறைக்கு அக்கா வந்திருந்தாள். பெரியம்மா மகள், ஆனால் ஒரே வீட்டில், ஒரே பாயில் படுத்து வளர்ந்தவர்கள் நாங்கள். பிரெஞ்சுக் குடியுரிமை உள்ள குடும்பத்தில் கல்யாணமாகி, பிரான்சின் வடக்கே பனி கொட்டும் ஊருக்குப் போனவள். பூவைப் பார்த்ததும் என் கையைப் பிடித்துக்கொண்டாள்.

“எனக்கு ஒரு குச்சி குடுடி. ஜன்னலாண்ட வெச்சுக்கிறேன். காலைல எழுந்து பாத்தா நம்ம வீட்ல இருக்க மாதிரி இருக்கும்.”

பென்சில் கனத்தில் நல்ல குச்சிகளாக வெட்டி, ஈரத்துணி சுற்றி, அவள் பெட்டியில் சேலைகளுக்கு நடுவே நானே வைத்தேன்.

ஒரு குச்சி வேர் பிடித்தது. அதன்பின் ஞாயிறுதோறும் பூசை முடிந்து வந்ததும் அக்கா போன் செய்வாள். இங்கே சித்திரை வெயிலில் தொட்டி மண் காய்ந்துவிடாமல் பார்ப்பது என் பாடு. அங்கே குளிர் வருமுன் செடியை உள்ளே தூக்கி வைப்பது அவள் பாடு. குளிர்காலத்தில் தண்ணீரைக் குறைக்க வேண்டும், வெளிச்சம் விழும் ஜன்னல் வேண்டும், அறையைச் சூடாக்கும் கருவிக்குப் பக்கத்தில் வைக்கவே கூடாது என்று நான் படித்துப் படித்துச் சொல்வேன். முதல் குளிரில் இலையெல்லாம் கொட்டிவிட்டதென்று அழுதாள்.

“இலை உதிர்ந்தா செத்துப்போச்சுன்னு அர்த்தமில்லக்கா. குச்சியை நகத்தால கீறிப் பாரு. உள்ள பச்சை இருக்கா?”

“இருக்குடி, இருக்கு!”

சின்னப் பிள்ளை மாதிரி அவள் கத்தியது இன்னும் என் காதில் இருக்கிறது.

சில வருடங்கள் கழித்து ஒரு மழைக்காலத்தில் அம்மா படுத்துவிட்டாள். கோரிமேட்டு ஆஸ்பத்திரியிலேயே நான் கிடந்தேன். வீடு திரும்பியபோது மாடியில் நீர் தேங்கி, தொட்டியில் வேர் முழுக்க அழுகியிருந்தது. நான் ஊன்றிய குச்சிகளும் மிஞ்சவில்லை. கட்டிலில் கிடந்த அம்மா தினமும் கேட்டாள்: “நம்ம பூ இன்னும் பூக்கலியாடி?” அக்காவுக்குப் போன் செய்து, அம்மா கேட்பதைச் சொல்லி, ஊருக்கு வருகிற யாரிடமாவது ஒரு குச்சி கொடுத்தனுப்பச் சொன்னேன்.

“அது போயிடுச்சுடி,” என்றாள். “போன குளிர்லயே செத்துப்போச்சு. உங்கிட்ட சொல்ல மனசு வரல.”

நான்தான் அவளைத் தேற்றினேன். செடிதானே, விடுக்கா என்றேன். அம்மா கடைசிவரை கேட்டுக்கொண்டே போய்ச் சேர்ந்தாள்.

அம்மாவின் வருடப் பூசை முடிந்த பிறகு, உறவினர் குழுவில் ஒரு வீடியோ வந்தது. பிரான்சில் ஏதோ மலர்க் கண்காட்சி. மேசை மேல் ஒரு செம்பருத்தி, பக்கத்தில் அக்கா. நிறம் நான் கண்ட சந்தன மஞ்சள் இல்லை, பழுத்த ஆரஞ்சு. ஒரு கணம் வேறு பூவோ என்றுதான் நினைத்தேன். ஆனால் மார்கழிக் குளிரில் எங்கள் மாடியிலும் அது அந்த நிறத்தை நோக்கிக் கொஞ்சம் போகும். வெள்ளை நரம்புகள் அப்படியே இருந்தன. பள்ளியில் படித்த பிரெஞ்சு எனக்கு மறந்துவிடவில்லை. தன் சமையலறை ஜன்னலில், தன் கையால் மகரந்தம் சேர்த்து உருவாக்கியதாக அக்கா சொல்லிக்கொண்டிருந்தாள். அதற்குத் தன் மகளின் பெயரை வைத்திருந்தாள்.

அன்றே கூப்பிட்டேன். பூவை யார் உருவாக்கியது என்று நான் கேட்கவில்லை. “அம்மா கேட்டப்ப ஏன்க்கா செத்துப்போச்சுன்னு சொன்ன?” என்று மட்டும் கேட்டேன்.

“அப்ப அதைக் கண்காட்சிக்குச் சொல்லி வெச்சிருந்தேன். இன்னொரு செடி எங்கயாவது இருந்தா என்னோடதுன்னு எப்படிச் சொல்றது?” என்றவள், சட்டென்று குரலை உயர்த்தினாள். “இத்தினி பனில காப்பாத்துனது யாருடி? நீ வளத்தது அங்க அழுகிப் போச்சு. எங்கிட்டதான உயிரோட இருக்கு?”

அவள் காப்பாற்றியது உண்மைதான். அதை நான் ஒருநாளும் மறுக்கமாட்டேன். சாகக் கிடந்த தன் சித்திக்கு ஒரு பூவைக் காட்ட மனமில்லாமல் போனதும் உண்மை. போனை வைத்துவிட்டேன். பிறகு நாங்கள் பேசிக்கொள்ளவில்லை.

இந்தக் குளிரில், கிறிஸ்துமஸ் கழிந்து, அவளிடமிருந்து ஒரு குரல் பதிவு வந்தது. வாழ்த்து ஒன்றும் இல்லை. “இலையெல்லாம் பிசுபிசுன்னு ஒட்டுதுடி. மொட்டு விரியாமலே கொட்டுது. இன்னா செய்யறதுன்னே புரியல.” பள்ளி ஆசிரியர் அறையில் உட்கார்ந்து அதைத் திரும்பத் திரும்பக் கேட்டேன். பதில் சொல்லாமல் விட்டிருந்தால் யாரும் என்னைக் குறை சொல்லியிருக்கமாட்டார்கள். அந்த எண்ணம் எனக்கு வந்ததையும் மறைக்கவில்லை. ஆனால் உலகத்தில் இருந்தது அந்த ஒரு செடிதான்.

சாறு உறிஞ்சும் பூச்சிதான் அது என்று, சோப்புக் கரைத்த தண்ணீரால் இலைகளின் அடிப்பக்கத்தைத் துடைக்கச் சொல்லி, பூச்சி போகும்வரை சில நாளுக்கு ஒருமுறை அப்படிச் செய்யச் சொல்லி அனுப்பினேன். “மெர்சிடி” என்று பிரெஞ்சில் ஒரு நன்றி எழுதினாள். அதற்குமேல் ஒன்றும் எழுதவில்லை. ஒரு குச்சி வேண்டுமா என்று அவள் கேட்கவில்லை. அவளிடம் கேட்டு வாங்க எனக்கும் இனி வாய் வராது.