லாம் டீச்சர்

டீச்சராவதற்கு முன்னால் அவள் ரயில் நிலையத்து விசாரணை ஜன்னலில் உட்கார்ந்திருந்தவள். வண்டி எங்கே நிற்கிறது என்று அவளுக்கே தெரியாத நாளிலும், யார் கேட்டாலும் "இதோ வந்துடும்" என்று சொல்லவேண்டும் என்பது மேலதிகாரியின் கட்டளை. அதை நம்பிப் பிளாட்பாரத்தில் கால்கடுக்க நின்றவர்களின் முகத்தில் விழிக்கவே அவளுக்குக் கூசியது. வேலையை உதறிவிட்டு, மறுபடி படித்து, ஒன்றாம் வகுப்பு டீச்சரானாள்.

அங்கே வாண்டுகளுக்கு எழுத்தோடு எழுத்தாகக் 'கண்டிப்பா', 'லாம்', 'நடக்கவே நடக்காது' என்று மூன்றைச் சொல்லிக் கொடுத்தாள். எந்தப் புத்தகத்திலும் இல்லாத பாடம். ஒரு துணிப்பை, அதற்குள் பாட்டில் மூடிகள், சிவப்பு மூன்று, நீலம் இரண்டு. பார்க்காமல் எத்தனை எடுத்தால் ஒரே நிறத்தில் ஜோடி கண்டிப்பாகக் கிடைக்கும்? "ரெண்டு" என்று வகுப்பே கத்தும். எடுத்துப் பார்த்தால் சிவப்பும் நீலமுமாக வந்து பல்லை இளிக்கும். மூன்றாவது எந்த நிறமானாலும் ஜோடி சேர்ந்தே தீரும். "ரெண்டு எடுத்தா கிடைக்கலாம். மூணு எடுத்தாதான் கண்டிப்பா" என்பாள். பச்சை மூடி வருமா என்றால், நடக்கவே நடக்காது.

அந்த லாமைப் பிடித்துக்கொண்டு பிள்ளைகள் அவளையே பாடாய்ப் படுத்தின. பாத்ரூம் போகலாமா என்று கேட்ட ஒருவனிடம் போகலாம் என்றாள். அப்படியென்றால் போகாமலும் இருக்கலாம்தானே, ரெண்டில் எது என்று அவன் கால்களைப் பின்னிக்கொண்டு நின்றான். அன்றைக்குப் பிடித்த பெயர்தான் லாம் டீச்சர்.

வினை பட்டாணி வழியாக வந்தது. வகுப்பிலேயே பொடிசு என்பதால் பட்டாணி. அவள் அப்பா ஆம்புலன்ஸ் ஓட்டுகிறவர். பெற்றோர் முன்னால் பிள்ளைகள் புதிர் போடும் நாள் நெருங்கிக்கொண்டிருந்தது. அதற்கு முன்பே அவர் வந்துவிட்டார், சண்டைக்கு.

"கண்டிப்பா வரேன்னு சொன்னேன். 'கண்டிப்பான்னு சொல்லாதப்பா, உன் பையில நீலமும் இருக்கு'ங்கறா. பெத்த பொண்ணு என்னை நம்ப மாட்டேங்கறா டீச்சர். இதுக்கா பள்ளிக்கூடம் அனுப்பறேன்?"

டீச்சருக்குப் பயம் வந்தது. ஒரு குழந்தைக்கு அப்பா மேல் இருந்த நம்பிக்கையைத் தானே பிடுங்கிவிட்டோமோ? அப்படித்தான் என்றால் பையை அலமாரியில் போட்டுப் பூட்டிவிட வேண்டியதுதான். இருந்தாலும், போன தடவை கண்டிப்பாக வருகிறேன் என்று சொல்லிவிட்டு வந்தீர்களா என்று மெல்லக் கேட்டாள். வரவில்லை என்றார். பிறந்தநாளுக்கும் அப்படித்தான் சொன்னாராம், பல் டாக்டரிடம் கூட்டிப்போவதற்கும் அப்படித்தானாம். கிளம்புகிற நேரம் பார்த்து அழைப்பு வந்துவிடும்.

"வண்டியில கூட வர்றவங்க கிட்ட கண்டிப்பா பொழைச்சிடுவாங்கன்னு சொல்லிச் சொல்லியே வாய் பழகிடுச்சு" என்றார்.

அவளுக்கு அந்த விசாரணை ஜன்னல் ஞாபகம் வந்தது. பயம் போய் அவர் மேல் பாசமே வந்துவிட்டது. பையை அவர் கையில் கொடுத்து, வீட்டில் மகளை வைத்துக்கொண்டு, வர முடிவதற்குச் சிவப்பு, முடியாமல் போவதற்கு நீலம் என்று உள்ளதை உள்ளபடி நிரப்புங்கள் என்றாள்.

மறுநாள் பட்டாணி பையோடு வந்தாள். உள்ளே மூன்று சிவப்பு, ஒரு நீலம். அப்பா வரலாம் என்று வகுப்பு முழுக்கச் சொல்லித் திரிந்தாள்.

அந்த நாளும் வந்தது. பெற்றோர் குட்டி நாற்காலிகளில் முழங்கால் மோவாயில் இடிக்க உட்கார்ந்து, பட்டாணியின் புதிருக்கு ஒரே குரலில் "ரெண்டு" என்று சொல்லி அசடு வழிந்தார்கள். ஒரு நாற்காலி மட்டும் கடைசிவரை காலி. டீச்சர் அந்தப் பக்கம் திரும்பவே பயந்தாள். பட்டாணி அழுதால் பை அலமாரிக்குத்தான்.

எல்லோரும் எழுந்த பிறகு பட்டாணி வந்து அவள் புடவையைப் பிடித்து இழுத்தாள்.

"நீலம் வந்துடுச்சு டீச்சர். ஆனா எங்கப்பா பொய் சொல்லலை."

டீச்சருக்குக் கண் நிறைந்துவிட்டது. பட்டாணி மேஜையிலிருந்த பையைத் திறந்து உள்ளே எட்டிப் பார்த்தாள்.

"இதை வீட்டுக்குக் கொண்டு போகலாமா? அடுத்த தடவைக்கு இன்னொரு சிவப்பு போடச் சொல்றேன்."

"கண்டிப்பா" என்றாள் லாம் டீச்சர்.