மூக்கிரட்டைக் கஷாயம்

ஓசூரில் நான் வேலை பார்க்கும் ஆய்வகத்தில், சிறுநீரகத்தைக் காக்குமா என்று மூக்கிரட்டைச் செடியின் சாற்றை, சிறுநீரகத்தைக் கெடுக்கும் மருந்து கொடுத்த எலிகளிடம் சோதித்தோம். முதல் நாள் வேர் கொதித்தபோது மண்ணும் கசப்புமாய் ஒரு வாடை எழுந்தது. எனக்கு அது ஒன்பது வயதில் பழகிய வாடை.

அப்பா அப்போது இரும்பு வார்க்கும் கம்பெனியில் இருந்தார். காலும் முகமும் வீங்கின. சிறுநீரகம் கெட்டுவருகிறது என்று டாக்டர் மாத்திரை எழுதினார். அப்பா அதைத் தொடவில்லை. கூட வேலை செய்த கன்னடக்காரர் சொன்ன மூக்கிரட்டையை மட்டும் நம்பினார்.

அம்மா தண்டவாளத்து ஓரமாய்ப் போய்ச் செடியைப் பிடுங்கிவந்து, வேரை இடித்துச் சுண்டக் காய்ச்சுவாள். ஒருநாள் அந்தக் கஷாயத்தில் அவள் மாத்திரையைப் பொடித்துக் கலப்பதைப் பார்த்துவிட்டேன்.

"அப்பாகிட்ட சொல்லிடாத கண்ணு. தெரிஞ்சா கஷாயத்தையும் குடிக்கமாட்டாரு."

வீக்கம் வடிந்தது. கம்பெனி பஸ்ஸில் பார்த்தவர்களிடமெல்லாம் அப்பா செடியைப் புகழ்ந்தார். இருபது வருஷம் கழித்து மாரடைப்பில் போனார். நாங்கள் கடைசிவரை சொல்லவில்லை.

நேற்று சோதனை முடிவு வந்தது. சாறு மட்டும் கொடுத்த எலிகளின் சிறுநீரகம், கொடுக்காதவற்றைவிடக் குறைவாகவே கெட்டிருந்தது. எலிக்குச் சரியானது மனிதருக்கும் சரியாகும் என்று சொல்லமுடியாது. அதையும் சேர்த்தே அம்மாவிடம் போனில் சொன்னேன்.



"அவரு செடியைப் பத்திப் பேசும்போதெல்லாம் உள்ளுக்குள்ள சிரிச்சிருக்கேன்டி," என்றாள். "சிரிச்சிருக்க வேணாம்."